வடக்கு கிழக்கிலிருந்து எழுதத் தொடங்குகிறவருக்கு: பாதுகாப்பு வழிகாட்டி

இலங்கையின் வடக்கு கிழக்கில் செய்தி சேகரிக்கத் தொடங்கியிருக்கும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலர் ஏதாவதொரு நாளிதழுக்கோ இணையத்தளத்துக்கோ பிராந்தியச் செய்தியாளராக இருப்பீர்கள். மாதச் சம்பளம் இராது, வெளிவந்த செய்திக்கு மட்டும் காசு. நியமனக் கடிதம்கூட இல்லாதவர்கள் நிறையப் பேர். ஆனால் காணி அபகரிப்பு, மனிதப் புதைகுழி, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் நடத்தும் போராட்டம் என்று ஆபத்து மிகுந்த செய்திகள் எல்லாம் முதலில் உங்கள் கைக்குத்தான் வருகின்றன.

உங்களுக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டுதான் தொடங்க வேண்டும். மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 இரவு யாழ்ப்பாணத்தில் தன் வீட்டுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மாதம் நடந்த பொதுத் தேர்தலின் முறைகேடுகளை அவர் வெளியே கொண்டுவந்திருந்தார். 2004இல் மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன். 2005இல் கொழும்பில் கடத்தப்பட்ட தராக்கி சிவராம். 2006 ஜனவரியில் திருகோணமலையில் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே ஆண்டு மே 2ஆம் திகதி, உலக ஊடக சுதந்திர தினத்துக்கு முதல் நாள், யாழ்ப்பாணத்தில் உதயன் நாளிதழின் அலுவலகத்துக்குள் புகுந்த ஆயுததாரிகள் ஊழியர்கள் இருவரைக் கொன்றனர். தெற்கில் சண்டே லீடர் பத்திரிகையின் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009இல் கொல்லப்பட்டார். கேலிச்சித்திரக்காரரும் செய்தியாளருமான பிரகீத் எக்னெலிகொட 2010இல் காணாமல் போனார். இந்தக் கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. இன்று கொலைகள் நின்றிருக்கலாம். விசாரணை அழைப்பு, வீட்டுக்கு வரும் சிவில் உடைக்காரர், பயங்கரவாதத் தடைச் சட்டம் ஆகியவை நிற்கவில்லை.

இவர்களுடைய கதைகளைத் திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்கு ஒன்று தெளிவாகியது. செய்தியாளரைக் காப்பது பெரும்பாலும் இன்னொரு ஆள்தான். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், யார் உங்களை மிரட்டினார்கள், உங்கள் படங்களின் பிரதி எங்கே இருக்கிறது என்பவை எல்லாம் குறைந்தது இன்னும் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதற்காகத்தான்.

முதலில், இரண்டு பேர்

கமரா வாங்குவதற்கு முன்னால் இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் உங்கள் ஊரிலேயே, அரை மணி நேரத்தில் உங்கள் வீட்டுக்கு வரக்கூடியவர். மற்றவர் வேறு மாவட்டத்திலோ வெளிநாட்டிலோ இருப்பவர். இருவரும் ஒரே வீட்டில், ஒரே அலுவலகத்தில் இருக்கக் கூடாது. ஆபத்தான இடத்துக்குப் போகும்போது போகும் இடம், சந்திக்கும் ஆள், திரும்பும் நேரம் மூன்றையும் ஊரில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்கு நீங்கள் பேசாவிட்டால் எத்தனை நிமிடம் பொறுப்பது, பிறகு யாருக்கு அழைப்பது என்பதையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். "கொஞ்சம் பார்ப்போம்" என்று காத்திருப்பதில்தான் முக்கியமான மணித்தியாலங்கள் போய்விடுகின்றன.

2009 பெப்ரவரியில் உதயன், சுடரொளி நாளிதழ்களின் ஆசிரியர் ந. வித்தியாதரன் கல்கிசையில் ஒரு மரணச் சடங்கில் இருந்தபோது வான் வண்டியொன்றில் தூக்கிச் செல்லப்பட்டார். பார்த்தவர்கள் பலர். செய்தி உடனே வெளியே போனது. சில மணி நேரத்தில், அது கைதுதான் என்று பொலிஸ் சொன்னது. பார்த்தவர்கள் இல்லாத ஒரு தெருவில் அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அடுத்து, ஆசிரியரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். "இவர் எமது செய்தியாளர்" என்று ஒற்றை வரி இருந்தாலும் போதும், கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் ஊடக அட்டை கிடைத்தால் நல்லது. பிராந்தியச் செய்தியாளர்களுக்கு அது இலகுவில் கிடைப்பதில்லை என்பதால் இந்தக் கடிதத்தை விட்டுவிடாதீர்கள். உங்களைப் பொலிஸ் கைது செய்தால், கடிதம் தர மறுக்கும் நிறுவனம் குரல் கொடுக்குமா என்பதையும் அப்போதே யோசியுங்கள். உங்கள் மாவட்டத்து ஊடக அமையத்தில் சேருங்கள். யாழ்ப்பாணத்திலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் அமையங்கள் இருக்கின்றன. ஒருவரை விசாரணைக்கு அழைத்தால் பத்துப் பேர் பொலிஸ் நிலைய வாசலில் நிற்பது அங்கிருந்துதான் வரும்.

கைப்பேசி

கைரேகையாலும் முகத்தாலும் திறக்கும் வசதியை நிறுத்திவிட்டு நீளமான கடவுச்சொல் போடுங்கள். உங்கள் விரலைப் பிடித்து அழுத்தலாம், மனதில் இருப்பதை அப்படி எடுக்க முடியாது. வட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலை வாரம் ஒருமுறை பாருங்கள், தெரியாத கணினி அதில் இருந்தால் உடனே நீக்குங்கள். தகவல் தருபவர்களுடன் பேச சிக்னல் செயலிக்கு மாறுங்கள். 2024 முதல் அதில் பயனர் பெயர் வைத்துக்கொள்ளலாம், உங்கள் இலக்கத்தைக் காட்டத் தேவையில்லை. செய்திகள் தாமாக அழியும் கால எல்லையையும் வையுங்கள்.

இந்த ஒழுங்கை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்குங்கள். விசாரணைக்கு அழைப்பு வந்த பிறகு உட்கார்ந்து அழிப்பது ஆதாரத்தை அழித்த குற்றமாக உங்கள் மேலேயே திரும்பலாம். கைப்பேசியில் எப்போதும் குறைவாக வைத்திருப்பவருக்கு அந்த இக்கட்டு வராது.

சிக்னல் பேச்சை மறைக்கும், நீங்கள் இருக்கும் இடத்தை மறைக்காது. சிம் அட்டை உங்கள் அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறது. எந்தக் கோபுரத்தின் கீழ் எத்தனை மணிக்கு இருந்தது என்ற பதிவு தொலைபேசி நிறுவனத்திடம் இருக்கும். நீங்களும் தகவல் தருபவரும் ஒரே நேரத்தில் ஒரே கோபுரத்தின் கீழ் இருந்தால் அதுவே ஒரு செய்தி. இருவரும் ஒரே நேரத்தில் அணைத்தால் அதுவும் செய்திதான். ஆகவே நுட்பமான சந்திப்புகளுக்குக் கைப்பேசியை இயங்கும் நிலையிலேயே வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். அப்படிப் போகும் நாளில், ஊரில் இருக்கும் உங்கள் ஆளிடம் நேரில், வாயால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கைப்பேசி இல்லாமல், யாருக்கும் சொல்லாமல் போவதைப் போல ஆபத்தானது வேறில்லை.

இணையம் துண்டிக்கப்படும் நாட்களுக்கும் ஆயத்தம் வேண்டும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனவில் நடந்த இன வன்முறையின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின்னரும், 2022 ஏப்ரலிலும் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. அவ்வாறான நாளில் ஆசிரியருக்குச் சாதாரண அழைப்பில் எந்தச் சொல்லைச் சொன்னால் என்ன பொருள் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

படமும் பிரதியும்

திருகோணமலையில் 2006 ஜனவரி 2ஆம் திகதி மாணவர்கள் ஐந்து பேர் கொல்லப்பட்டனர். குண்டு வெடித்து இறந்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. சுகிர்தராஜன் பிணவறைக்குப் போய் எடுத்த படங்கள், தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததைக் காட்டின. சுடரொளி அவற்றை வெளியிட்டது. அந்த மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போக வீதியோரம் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது அவர் சுடப்பட்டார். படங்கள் அவருக்குப் பிறகும் இருந்தன. அந்தக் கொலைகள் பற்றி இன்றுவரை எவர் பேசினாலும் அந்தப் படங்களில்தான் தொடங்குகிறார்கள்.

இதில் உங்களுக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. எடுத்த படத்தின் மூலக் கோப்பு அன்றிரவே உங்கள் கையை விட்டு வெளியே போக வேண்டும், மாற்றம் எதுவும் செய்யாமல். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் திகதி, நேரம், இடம் பற்றிய உள்விபரங்கள் நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே இருக்கும். நீதிமன்றத்துக்கு மூலக் கோப்பு வேண்டும், வெளிநாட்டில் இருப்பவரிடம் அதை ஆவணமாக அனுப்பி வையுங்கள். ஊடகத்துக்கு உள்விபரம் நீங்கிய படம் போதும். யாராவது ஒருவரின் வீட்டு முற்றத்தில் எடுத்த படமாக இருந்தால், அந்த இட விபரம் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மற்றது திகதிகளைக் கவனிப்பது. 2ஆம் திகதி சம்பவம், 24ஆம் திகதி கொலை. நிமலராஜன் விடயத்திலும் தேர்தல் முடிந்து சில நாட்களுக்குள் கொலை. படம் எடுக்கும் நேரத்தைவிட அது வெளிவந்த பின்னான வாரங்கள் கூடுதல் ஆபத்தானவை. பெரிய செய்தி ஒன்று வெளிவந்தால் அடுத்த ஒரு மாதத்துக்காவது போகும் நேரம், போகும் வழி, நிற்கும் தரிப்பிடம் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே இருங்கள். இரவில் வெளிச்சமான சன்னலுக்கருகே மேசை போட்டு எழுதாதீர்கள். முடிந்தால் சில நாட்கள் வேறு ஊரில் இருங்கள்.

மிகவும் கடுமையான செய்தியை ஒருவர் மட்டும் சுமக்கவும் வேண்டாம். மூன்று நான்கு ஊடகங்கள் ஒரே நாளில் வெளியிட்டால் ஒரு ஆளைக் குறிவைப்பதில் பயன் குறையும். பெயர் போடுவதா என்பதில் ஆசிரியருக்கு ஆர்வம் இருக்கலாம், முடிவு உங்களுடையதாகவே இருக்கட்டும்.

பேசியவர்களின் பாதுகாப்பு

நீங்கள் ஊரை விட்டுப் போகலாம். உங்களிடம் பேசிய அம்மா அதே ஒழுங்கையில்தான் இருப்பார். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மார் பலர், பெயரோடும் முகத்தோடும் தாமாகவே பேசியவர்கள். அவர்கள் துணிந்து எடுத்த முடிவு அது. வேறொருவருக்காக அந்த முடிவை நீங்கள் எடுக்கக் கூடாது. பேசத் தொடங்குமுன் மூன்றைக் கேளுங்கள்: பெயர் போடலாமா, முகம் காட்டலாமா, ஊர் பெயர் போடலாமா. செய்தி வெளிவருமுன் இன்னொரு முறையும் கேளுங்கள், இரவோடிரவாக மனம் மாறியிருக்கலாம். முகத்தை மறைத்துவிட்டுப் பின்னணியில் கோயில் கோபுரத்தையோ கடைப் பெயர்ப்பலகையையோ விட்டுவைத்தால் மறைத்ததில் பயனில்லை. குறிப்பேட்டில் உண்மைப் பெயர்களை எழுத வேண்டாம்.

ஆவணம் வேண்டுமென்றால் முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை முயன்று பாருங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தை வைத்து எழுதும் செய்திக்கு, "யார் தந்தது?" என்று எவரையும் பிடித்து உலுக்க முடியாது. காணி, தொல்லியல் திணைக்கள அறிவித்தல்கள், மாகாண நிதி ஆகிய விடயங்களில் இந்த வழி நன்றாகவே உதவுகிறது.

எழுதும்போது

உங்கள் தமிழை உங்கள் வாசகர் மட்டும் படிப்பதில்லை. அதை யாரோ ஒருவர் சிங்களத்தில் மொழிபெயர்த்து ஒரு கோப்பில் வைப்பார். கவிஞர் அஹ்னாப் ஜஸீம் தமிழில் எழுதிய கவிதைகளுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கவிதைகள் தீவிரவாதத்துக்கு எதிரானவை என்று தமிழ் தெரிந்தவர்கள் தொடக்கத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆகவே மேற்கோளை மேற்கோளாகவே, யார் சொன்னது என்பதோடு எழுதுங்கள். இரு பொருள் தரும் சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். எதிர்த்தரப்பிடம் கருத்துக் கேட்டதற்கான பதிவை, பதில் வராவிட்டாலும், வைத்திருங்கள்.

அறிந்திருக்க வேண்டிய சட்டங்கள் மூன்று. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம். இன வெறுப்பைத் தூண்டுவதைத் தடுப்பதற்கென வந்து எழுத்தாளர்கள் மீதும் பாய்ந்த 2007ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆம் பிரிவு. இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டுவிட்டது. எனவே "அவதூறுக்காக உள்ளே போடுவோம்" என்று யாராவது வெருட்டினால் பயப்பட வேண்டாம்.

பின்தொடர்ந்தால், மிரட்டினால்

லசந்த தன்னைப் பின்தொடர்ந்த மோட்டார் சைக்கிள்களின் இலக்கங்களைக் குறிப்பேட்டில் எழுதியிருந்தார். கொலைக்குப் பிறகு அந்தக் குறிப்பேடே காணாமல் போனது. பல ஆண்டுகள் கழித்துக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் சொன்ன விடயம் இது. வாகன இலக்கத்தை எழுதினால் மட்டும் போதாது. எழுதிய கையோடு உங்கள் இரண்டு பேருக்கும் அனுப்புங்கள்.

மிரட்டல் அழைப்பு வந்தால் திகதி, நேரம், இலக்கம், சொன்ன சொற்கள் எல்லாவற்றையும் அப்படியே எழுதுங்கள். பொலிஸில் முறைப்பாடு செய்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பொலிஸ் ஒன்றும் செய்யாது என்று நீங்கள் நினைக்கலாம், பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனாலும் நாளைக்கு நீதிமன்றத்திலோ வெளிநாட்டு அமைப்பொன்றிடமோ காட்டத் திகதியிட்ட ஒரு தாள் உங்களுக்கு வேண்டும். எக்னெலிகொட 2009இல் ஒருமுறை கடத்தப்பட்டு விடுவிக்கப்பட்டவர். அடுத்த முறை, 2010 ஜனவரி 24ஆம் திகதி, அவர் திரும்பி வரவில்லை. முதல் எச்சரிக்கையை எவரும் சிறியதாக எடுக்கக் கூடாது.

பெண் செய்தியாளர்களுக்கு மிரட்டல் வேறு உருவத்தில் வருகிறது. இரவு அழைப்பு, ஆபாசச் செய்தி, போலிக் கணக்கில் படம். இதை வீட்டிலும் அலுவலகத்திலும் சொல்லத் தயங்கவைப்பதுதான் செய்கிறவர்களின் நோக்கம். இதுவும் தொழில்மீதான தாக்குதல்தான். ஆசிரியரிடம் எழுத்தில் சொல்லுங்கள், திரைப்பதிவுகளைச் சேமியுங்கள்.

விசாரணைக்கு அழைத்தால்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். தொலைபேசியில் "சும்மா வந்துவிட்டுப் போங்கோ" என்று கூப்பிடுவார்கள். எந்த வழக்கு, எந்த அதிகாரி, எதற்காக என்று எழுத்தில் கேளுங்கள். அழைப்புக் கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தால் தமிழில் கேளுங்கள், தமிழில் கருமமாற்றும் உரிமை உங்களுக்கு அரசியலமைப்பில் இருக்கிறது. கடிதத்தின் படத்தை உடனே ஊடக அமையத்துக்கும் ஆசிரியருக்கும் சட்டத்தரணிக்கும் அனுப்புங்கள்.

தனியே போகாதீர்கள். ஊடகவியலாளர் ஜெ. ச. திஸ்ஸநாயகம் 2008 மார்ச் 7ஆம் திகதி, கைதான சக ஊழியர்களைப் பற்றி விசாரிக்கப் பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவுக்குப் போனவர், அங்கேயே தடுத்துவைக்கப்பட்டார். 2006இல் வெளிவந்த இரண்டு கட்டுரைகளுக்காக 2009 ஓகஸ்ட்டில் அவருக்கு 20 ஆண்டு கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. அவரிடம் பெறப்பட்டதாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம் அந்த வழக்கில் பெரிய இடம் வகித்தது. சாதாரணச் சட்டத்தில் பொலிஸாரிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதலைச் சான்றாக எடுக்க முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்திலோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்தது சான்றாகிவிடும், அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் சுமையும் உங்கள் தலையில்தான்.

அதனால் ஒன்றை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்திடாதீர்கள். தமிழில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால், "எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, இதில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது" என்று தமிழில் உங்கள் கையாலேயே அதில் எழுதுங்கள். கேட்ட கேள்விகளுக்கு மட்டும் சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். தகவல் தந்தவர் யார் என்ற கேள்விக்கு, "தொழில் ஒழுக்கப்படி அதைச் சொல்ல முடியாது" என்ற ஒரே வசனம் போதும். வெளியே வந்ததும், களைப்பாக இருந்தாலும், கேட்ட கேள்விகளை வரிசையாக எழுதி வையுங்கள். அவர்கள் யாரைத் தேடுகிறார்கள் என்பது கேள்விகளிலேயே தெரிந்துவிடும், அந்த ஆளை எச்சரிக்க வேண்டியும் வரலாம்.

கைது செய்தால்

வீட்டில் ஒரு தாள் இருக்க வேண்டும். சட்டத்தரணி, ஆசிரியர், ஊடக அமையம், உங்கள் இரண்டு பேர் ஆகியோரின் இலக்கங்கள், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற அவசர இலக்கம், நீங்கள் எடுக்கும் மருந்துகள். இலக்கங்களைக் கைப்பேசியில் மட்டும் வைத்தால், அதையே பறித்துக்கொண்டு போன பிறகு வீட்டாருக்கு ஒன்றும் தெரியாது.

வீட்டார் அந்த நேரம் செய்ய வேண்டியது: வந்தவர்களின் பெயர், தரம், எந்த நிலையம், வாகன இலக்கம் கேட்பது. கைதுப் பற்றுச்சீட்டு கேட்பது. பின்னாலேயே யாராவது போவது. சாதாரணச் சட்டத்தில் 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அது 72 மணி நேரம், அல்லது தடுப்புக் கட்டளை. அந்தக் கட்டளையை மூன்று மாதம் மூன்று மாதமாக நீட்டலாம், 2022 திருத்தத்துக்குப் பிறகு ஆகக் கூடியது 12 மாதம். அந்தச் சட்டத்தில் கைது செய்தால் 48 மணி நேரத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் அறிவிக்கும்வரை காத்திராமல் வீட்டாரே ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்குப் போக வேண்டும். யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை ஆகிய இடங்களில் அலுவலகங்கள் உண்டு.

அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். கொழும்புக்குப் போகக் காசும் ஆளும் தேடுவதிலேயே அந்த ஒரு மாதம் கழிந்த குடும்பங்கள் பல. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. அதனால் முதல் வாரத்திலேயே முறைப்பாட்டைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டை வாங்கிவிடுங்கள்.

எல்லைகளற்ற செய்தியாளர்கள், நியூயோர்க்கில் இருக்கும் சி.பி.ஜே. (ஊடகவியலாளர்களைப் பாதுகாக்கும் குழு), டப்ளினில் இருக்கும் ஃப்ரன்ட்லைன் டிஃபென்டர்ஸ் ஆகிய அமைப்புகள் அவசர நிதி, சட்ட உதவி, சில நாள் இடமாற்றம் என்று உதவுகின்றன. கணக்கு முடக்கப்பட்டாலோ கைப்பேசியில் உளவுச் செயலி இருக்கிறதென்று சந்தேகம் வந்தாலோ அக்சஸ் நவ் என்ற அமைப்பின் உதவித்தளம் இருக்கிறது. உங்கள் நகரத்தில் ஒன்றும் நடக்காத அமைதியான நாளில் இவர்களுக்கு உங்களை அறிமுகப்படுத்தி ஒரு மின்னஞ்சல் போட்டு வையுங்கள். யார் நீங்கள், எங்கே எழுதுகிறீர்கள் என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தால், வீட்டாரின் முதல் அழைப்பு போன அன்றே வேலை தொடங்கும்.